தண்ணீர் நிரப்பிய இரண்டு பைகள்

எங்கள் வார்டின் பழைய ஆட்களும் புதிய ஆட்களும் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் சுப்ரியா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த வங்காளி நர்ஸ், அக்கா என்கிற அர்த்தத்தில் என்னைத் தீதி என்பாள். "தீதி, இப்போது புதுப்புது ஊசிகள் வந்துவிட்டன. நோய் திரும்பி வந்தவர்கள்கூட டே கேரில் நாற்காலியில் உட்கார்ந்து மருந்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காலத்தில் இடுப்புக்குள் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு வயிற்றில் இரண்டு பை ஒட்டி அனுப்புவீர்களாமே, அதற்கு எந்தப் பெண்ணாவது மனசாரச் சம்மதித்தாளா? இல்லை, நீங்களும் டாக்டரும் பேசிப் பேசித் தலையாட்ட வைத்தீர்களா?"

"அந்தக் காலம்" என்று அவள் எழுதியது எனக்குச் சுருக்கென்றது. நான் ஓய்வு பெற்று முழுசாக நாலு வருஷம் ஆகவில்லை. ஊசிகள் என் காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டன. அந்த ஆபரேஷனும் இன்னும் ஒழிந்துபோகவில்லை, தகுதியான ஆளுக்கு இன்றும் செய்கிறார்கள். கட்டைவிரலால் தட்டி அனுப்புகிற பதில் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா ஹவுரா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் வங்காளம் என்று வளர்ந்தேன். நர்ஸிங் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்று வாங்கிய திட்டே அதில் பாதி. பிறகு நகரத்தின் தெற்கே ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே பெண்கள் வார்டு. வேலைக்காலம் முடியும்வரை அந்த வார்டைவிட்டு என்னை யாரும் நகர்த்தவில்லை, நானும் நகரவில்லை. இடையில் ஒரு முறை வெளியூர் அனுப்பி, வயிற்றில் பை வைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். பை எந்த இடத்தில் வரவேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றில் குறி போட்டுக் கொடுப்பது அதற்குப் பிறகு என் வேலையாயிற்று.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் ரேடியேஷனும் கூடவே கீமோவும் கொடுப்பார்கள். நிறையப் பேர் அதிலேயே குணமாகி வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். சிலருக்குத்தான் அது பழைய இடத்திலேயே திரும்பி வரும். அப்படி வந்துவிட்டால் டாக்டர்கள் கையில் இருக்கும் வழிகள் சுருங்கிப்போகும். அந்தக் குறுகிய இடத்தில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குத்தான் வாரம் ஒருநாள் லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் டாக்டர்கள் எல்லாரும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் டாக்டர் பாதுரி, எங்கள் யூனிட்டின் பெரிய சர்ஜன்.

பாதுரி ஸார் நெட்டையான, ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அது திரும்ப மூக்கில் ஏறும்வரை வார்டில் ஒருத்தி மூச்சு விட மாட்டாள். திட்டுகிற டாக்டர்களை நாங்கள் முதுகுக்குப் பின்னால் நன்றாகக் கேலி செய்வோம். இவரைக் கேலி செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை. கூட்டத்தில் முதலில் ரேடியேஷன் டாக்டரைக் கேட்பார், அடுத்து கீமோ டாக்டரை, கடைசியில் என் பக்கம் திரும்பி, "தீதி, வீட்டில் யார் இருக்கிறார்கள்? கக்கூஸ் வீட்டுக்குள்ளா, வெளியிலா?" என்பார். அந்தப் பதிலையும் மற்ற பதில்களோடு சேர்த்துக்கொண்டுதான் முடிவு சொல்வார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பை வைக்கிற ஆபரேஷன் என்றால், அந்தப் பெண் முன்கூட்டியே இரண்டு பைகளையும் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும். வெறும் பை இல்லை, தண்ணீர் நிரப்பிய பை. நடக்க வேண்டும், படுக்க வேண்டும், சேலை கட்ட வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்குவார். "வாயால் சொன்னால் எல்லாரும் சரி என்பார்கள். கனம் தெரிந்த பிறகு சொல்லட்டும்" என்பார். இந்தச் சட்டத்தால் என் பிழைப்பு என்ன பாடுபட்டது என்று சுப்ரியாவுக்குத் தெரியாது. பையை ஒட்ட வேண்டும் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைத்தான் சொல்ல விட மாட்டார்கள்.

செண்பகவல்லி பெஹாலாவிலிருந்து வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கல்கத்தா வந்தவள். புருஷன் இறந்த பிறகு கைமுறுக்கு சுற்றி விற்றே பிள்ளையைப் படிக்க வைத்தவள். தென்னிந்தியச் சாமான் விற்கும் கடைகளுக்கெல்லாம் அவள் முறுக்குத்தான் போகும். அந்தப் பிள்ளை கார்த்திக், அலிப்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை. அவனுக்கு வங்காளம் வெண்ணெய்போல வரும், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். நல்ல பையன். அம்மாவின் பையையும் ஃபைலையும் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ரேடியேஷன், அவள் பேச்சில் கரண்டு, முடிந்திருந்தது. இப்போது மறுபடி ரத்தம் படத் தொடங்கியிருந்தது. துண்டு எடுத்துப் பார்த்ததில் அதே நோய். ஸ்கேனில் நோய் நடுவில் மட்டும் இருந்தது. முன்னால் மூத்திரப்பையையும் பின்னால் மலக்குடலையும் தொட்டுக்கொண்டு நின்றது. நுரையீரலில் இல்லை, கல்லீரலில் இல்லை. பாதுரி ஸார் அவளைப் படுக்க வைத்து, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தார். தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா என்று கேட்டார். ஒரு கால் வீங்கியிருந்தாலோ, அந்தப் பக்கம் நரம்பு இழுத்தாலோ, சிறுநீரகம் அடைத்திருந்தாலோ, நோய் இடுப்பெலும்பின் பக்கச் சுவரைப் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டும். மூன்றும் இல்லை.

கூட்டத்தில் ரேடியேஷன் டாக்டர் கையை விரித்தார். கொடுக்க வேண்டியதை முழுவதும் கொடுத்தாயிற்று, அதே இடத்தில் இன்னொரு முறை கொடுத்தால் குடலும் மூத்திரப்பையும் ஓட்டையாகிவிடும் என்றார். கீமோ டாக்டர், இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கலாம், நோய்க்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் மருந்தையும் சேர்க்கலாம், ஆனால் ரேடியேஷன் பட்ட இடத்தில் அதிலும் ஓட்டை விழும் பயம் உண்டு என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் புது ஊசிக்கும் பரிசோதனை எழுதினார். "இதெல்லாம் நோயைப் பிடித்து வைக்கும். எத்தனை நாளுக்கு என்று என்னால் சொல்ல முடியாது. வேரோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். மிச்சம் இருந்தது ஆபரேஷன். கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் ஒன்றாக எடுப்பது. மலத்துக்கு இடப்பக்கம் ஒரு பை, மூத்திரத்துக்கு வலப்பக்கம் ஒரு பை, ஆயுள் முழுக்க. குணமாக வாய்ப்பு உள்ள வழி அது ஒன்றுதான். அதிலும் வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் எடுக்க முடியுமா என்றே தெரியும். முடியாது என்று தெரிந்தால் எதையும் எடுக்காமல் மூடிவிட வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கதவோரம் கார்த்திக் நிற்கிறான். "ஆன்ட்டி, மா-வுக்கு எதுவும் சொல்லாதீங்க, ப்ளீஸ். சின்ன ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன். புண்ணு திரும்ப வந்திருக்கு, சுத்தம் பண்ணப் போறாங்கன்னு. மா ஷொஜ்ஜோ கொர்தே பார்பே நா. தாங்க மாட்டாங்க."

"சின்ன ஆபரேஷனா? வயித்துல ரெண்டு பையோட எழுந்திருக்கிறப்ப என்னன்னு சொல்லுவே? தையக்காரன் வச்சுத் தச்சுட்டான்னா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் பாதுரி ஸார் காத்திருக்கவில்லை. மறுநாளே அவள் படுக்கையருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் இடுப்பை வரைந்து, மூன்று உறுப்பையும் வட்டம் போட்டுக் காட்டினார். அவளுக்கு வங்காளம் புரியும். இருந்தாலும் இந்த விஷயத்தை வீட்டுப் பாஷையில்தான் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம் என்றால் ஊசி மருந்து உண்டு, அதுவும் வேண்டாம் என்றால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், எதைக் கேட்டாலும் உன்னைக் கைவிட மாட்டோம் என்பதையும் சொல்ல வைத்தார்.

அவள் அழவில்லை. அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "போன தடவையும் இது புத்துதானே, சிஸ்டர்?" என்றாள்.

"ஆமாக்கா."

"எம் மவன் புண்ணுன்னான். கரண்டு வச்சா ஆறிரும்னான். கரண்டு வைக்கப் போற லைன்ல எனக்கு முன்னால நின்ன பொம்பளதான் இது என்ன சீக்குன்னு சொன்னா. வீட்டுக்கு வந்து அவங்கிட்ட கேட்டேன். சிரிச்சான். நல்லா வாய் நெறையச் சிரிச்சான். அன்னையில இருந்து அவன் சிரிச்சாத்தான் எனக்குப் பயம்."

அவள் ஊசி மருந்தைப் பற்றியும் நிறையக் கேட்டாள். ஊசிப் பரிசோதனையின் முடிவு வந்தபோது அது அவளுக்குச் சாதகமாக இல்லை. அப்புறம் தானாகவே, "சரி, அந்தப் பையைக் கொண்டாங்க, பாப்போம்" என்றாள்.

குறி போடும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, வயிற்றின் நடுத்தசை எங்கே முடிகிறது என்று விரலால் தேட வேண்டும். பைக்காகக் குடலை வெளியே எடுக்கும் வாய் அந்தத் தசை வழியாகத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் குடல் பிதுங்கும். தொப்புளை ஒட்டி வரக்கூடாது. பழைய தழும்பின் மேல் வரக்கூடாது. பாவாடை நாடா விழும் இடத்தில் வரவே கூடாது. சேலை கட்டுகிற நம் பெண்களுக்கு நாடா இறுக்கி இறுக்கி இடுப்பில் கறுப்பாக ஒரு பள்ளமே விழுந்திருக்கும். அது ஒரு எல்லைக்கோடு. பிறகு உட்கார வைத்து, குனிய வைத்து, நிற்க வைத்து, குறி மடிப்புக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். அவள் கண்ணுக்குக் குறி தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவளே பை மாற்றிக்கொள்ள முடியாது.

நாற்காலியில் உட்கார வைத்தபோது இரண்டு குறியும் சரியாக இருந்தன. "முறுக்கு சுத்துறப்ப எப்படி உட்காருவீங்க?" என்று கேட்டேன். கட்டிலடியில் கிடந்த கால்வைக்கும் பலகையை இழுத்துப் போட்டு, முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்து காட்டினாள். இடப்பக்கக் குறி காணாமல் போயிற்று. வயிற்று மடிப்பு அதை அப்படியே விழுங்கிவிட்டது. அழித்துவிட்டு மேலே போட்டேன். வலப்பக்கத்தையும் அதற்கேற்ப மாற்றினேன். பாவாடையைத் தளர்த்தி நாடாவைப் பைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அழியாத மையால் இரண்டு புள்ளி. அதன்மேல் பைகளை ஒட்டி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். ஜனவரி மாதம்.

"யம்மா, ஜில்லுனு இருக்கே சிஸ்டர்!" என்று துள்ளினாள். "நெசப் பையும் இப்படித்தான் குளுருமா?"

"அது எப்படிக் குளுரும்? உங்க உடம்புக்குள்ள இருந்து வர்றதுதானே. வெதுவெதுன்னு இருக்கும்."

அன்று மாலை பைகளோடு வராந்தாவில் நடந்தாள். மறுநாள் பாதுரி ஸாரிடம் வீட்டுக்குப் போய் வர அனுமதி கேட்டாள். மிச்சச் சோதனையை வீட்டில் செய்துகொள்கிறேன் என்றாள். அவர் யோசித்துவிட்டு அனுப்பினார். போகும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதை அவள் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. "ஆபரேஷன்ல செத்துப்போனா போறேன். அது வேற. பொழச்சு வந்தா, இதை வயித்துல கட்டிக்கிட்டு நான் சுத்துத முறுக்கை ஒருத்தர் வாங்கித் திம்பாவளா? நீங்க திம்பியளா?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "கொண்டு வாங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

கொண்டு வந்தாள். இரண்டு பையும் வயிற்றில் இருக்க, பலகையில் உட்கார்ந்து, மாவு பிசைந்து, சுற்றி, பொரித்து, ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய. வார்டுக்குள் நுழைந்ததும் மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். நான் மூக்கைச் சுளிக்கிறேனா, ஒரு கணம் தயங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எடுத்துக் கடித்தேன். சீரக வாசனையோடு மொறுமொறுவென்று இருந்தது. அப்போது ரவுண்ட்ஸ் வந்த பாதுரி ஸாருக்கு விஷயம் எதுவும் தெரியாது. டப்பாவைப் பார்த்து ஒன்று எடுத்தார். தின்றார். "ஆர் ஏக்டா நேபோ?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

செண்பகவல்லி டப்பாவை மூடினாள். "கையெழுத்துப் போடுதேன் சிஸ்டர்" என்றாள்.

சுப்ரியா, உன் கேள்விக்குப் பதில் இது. எந்த டாக்டரும் எந்த நர்ஸும் பேசி வாங்கிய சம்மதம் இல்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்கு ஒரே கவலைதான் மிஞ்சியது. "தெறந்து பாத்துட்டு முடியலன்னா மூடிருவாவன்னு டாக்டர் சொன்னாருல்லா? அப்படி மூடிட்டா எங்கிட்ட யாரு சொல்லுவா? இவன் சொல்ல மாட்டான். சிரிப்பான்." திரைக்கு அந்தப் பக்கம் கார்த்திக் ஃபைலை வைத்துக்கொண்டு நின்றது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவள் தன் வலக்கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். எண்ணெய் தெறித்த தழும்புகளோடு, நுனி தேய்ந்த விரல்கள். "எண்ணெய் காஞ்சிருச்சான்னு சட்டிக்கு மேல கையைக் காட்டிப் பாத்துத்தான் முறுக்குப் போடுவேன். ஒருநாளும் தப்புனதில்ல. கண் முழிச்சதும் இந்தக் கை வயித்துக்குத்தான் போவும். பை ரெண்டும் இருந்தா சீக்கை எடுத்துட்டாவ. இல்லன்னா எடுக்கல. அவ்வளவுதான். யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பைகளுக்குத் தப்ப ஊசி கிடைக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போது கண் விழித்ததும் அவை வயிற்றில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை, அவளைத் தள்ளுவண்டியில் லிஃப்டுக்குள் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கார்த்திக் என் வழியை மறித்தான். கண்கள் சிவந்திருந்தன. "ஆன்ட்டி, ஒரே ஒரு ஹெல்ப். எடுக்க முடியலன்னா... அந்தப் பை ரெண்டையும் சும்மா ஒட்டிவிடுங்க. தண்ணி ஊத்தி. ரெண்டே நாள். மா கண் முழிச்சுத் தொட்டுப் பாத்து ஒரு தடவை சந்தோஷப்படட்டும். அப்புறம் நான் மெதுவா சொல்லிக்கிறேன்."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. எத்தனையோ வீட்டுக்காரர்கள் எத்தனையோ பொய்யைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். டி.பி. என்று சொல்லுங்கள், கட்டி என்று சொல்லுங்கள், ரிப்போர்ட் வரவில்லை என்று சொல்லுங்கள். வயிற்றிலேயே பொய்யை ஒட்டச் சொன்னவன் இவன் ஒருவன்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. அம்மா அழுவதைப் பார்க்கத் தாங்காத பிள்ளை. அவ்வளவுதான்.

"கார்த்திக், உங்க அம்மாவுக்கு இனிமே நம்பறதுக்குன்னு மிச்சம் இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான். அதையும் ஏமாத்தச் சொல்றியா? என்னால முடியாது. அவங்க கண் முழிக்கிறப்ப நீ பக்கத்துல நிக்கணும். என்னவா இருந்தாலும் இருக்கறதைச் சொல்லணும். வங்காளத்துலயே சொல்லு, பரவாயில்ல."

நான் தியேட்டருக்குப் போனேன்.

நான் தியேட்டர் நர்ஸ் இல்லை. இந்த ஆபரேஷன்களுக்கு மட்டும் பாதுரி ஸார் என்னை ஓரமாக நிற்கச் சொல்வார். குறிகளைச் சரிபார்க்கவும், எடுக்கலாமா வேண்டாமா என்பது தெரிந்ததும் வெளியே போய் வீட்டு ஆட்களிடம் சொல்லவும். வயிற்றைத் துடைத்து மருந்து பூசிய பிறகும் என் இரண்டு புள்ளிகளும் பளிச்சென்று தெரிந்தன.

வயிற்றைத் திறந்ததும் அவர் அவசரப்படவில்லை. கல்லீரலின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாண் சாணாகக் கையில் ஓட்டிப் பார்த்தார். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்திலிருந்து நிணநீர்க் கட்டிகளை எடுத்து, அப்போதே உறைய வைத்துப் பார்க்க லேபுக்கு அனுப்பினார். அதில் நோய் இருந்தால் கதை அதோடு முடிந்தது. மயக்க டாக்டரின் மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த ஃபோன் அடித்ததும் நான்தான் எடுத்தேன். நோய் இல்லை.

அடுத்தது பக்கச் சுவர்கள். மூத்திரப்பைக்கும் எலும்புக்கும் நடுவே, மலக்குடலுக்கும் எலும்புக்கும் நடுவே விரல் நுழைந்து அடிவரை போக வேண்டும். போனால் நோய் சுவரைப் பிடிக்கவில்லை. வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் போகவில்லை. அவர் விரல் பாதியில் நின்றது. மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. ரேடியேஷன் பட்ட சதை இறுகித் தழும்பாகியிருந்தாலும் விரலுக்கு அப்படித்தான் தெரியும், நோய் என்றாலும் அப்படித்தான் தெரியும். ஸ்கேனும் அதைப் பிரித்துச் சொல்லாது. அந்த இடத்திலிருந்து மெல்லியதாக ஒரு துண்டு நறுக்கி அனுப்பினார். இதுவரை செய்தது எல்லாம் திரும்பி வரக்கூடிய பாதை. இங்கிருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் திரும்ப முடியாது.

கையுறை போட்ட கைகளை மார்புக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு அவர் நின்றார். பிறகு மெதுவாக, "தீதி, சஷ்மா" என்றார். நான் பின்னாலிருந்து அவர் கண்ணாடியைக் கழற்றினேன். அதில் புகை படியவும் இல்லை, ரத்தம் தெறிக்கவும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன். இத்தனை வருஷம் அவர் கண்ணாடியைத் துடைப்பது கோபத்தால் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அது பயம் என்று புரிந்தது. அவர் மூக்கில் திரும்ப மாட்டினேன்.

என் ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு ஜோடி மாற்றுப் பை இருக்கும். அன்றும் இருந்தது. ஃபோன் எப்போது அடிக்கும் என்று நின்றபோது என் கை அந்தப் பைகளின் மேல் கிடந்தது. காலையில் கார்த்திக்கிடம் அவ்வளவு நியாயம் பேசியவளுக்கு இப்போது அவன் கேட்டது அவ்வளவு பெரிய பாவமாகத் தோன்றவில்லை. இரண்டு நாள்தானே என்று மனசு சொன்னது. கையை வெளியே எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஃபோன் அடித்தது. வெறும் தழும்பு. நோயின் செல் ஒன்றும் இல்லை.

"சொலுன்" என்றார் பாதுரி ஸார். போகலாம் என்று அர்த்தம். கத்தியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

நான் வெளியே போய்க் கார்த்திக்கிடம் சொன்னேன். அவன் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆபரேஷன் பகல் முழுவதும் ஓடியது. மறுநாள் காலை, ஐ.சி.யு.வில் மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது கார்த்திக் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தான். சொன்னபடி நின்றான், அதற்காக அவனை மெச்ச வேண்டும். செண்பகவல்லியின் கண்கள் மூடியிருந்தன. உதடு வெடித்திருந்தது. வலக்கை போர்வைக்கு அடியில் நகரத் தொடங்கியது. முதலில் வலப்பக்கம். நின்றது. பிறகு நடுவயிற்றில் தையல்மேல் போட்ட கட்டைத் தாண்டி இடப்பக்கம். அங்கேயும் நின்றது.

கண்ணைத் திறந்தாள். முதலில் தெரிந்தது பிள்ளையின் முகம். அவனால் அடக்க முடியவில்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மா, எல்லாம் எடுத்தாச்சு மா! ஷொத்தி! நெஜம்மா!"

அவள் முகம் வெளிறிப்போயிற்று. கண்கள் அவனை விட்டு என்னைத் தேடின. குழாய் இருந்த தொண்டையிலிருந்து குரல் காற்றாகத்தான் வந்தது. "சிஸ்டர்... இவன் சிரிக்கான். இது நெசமா? இல்ல, தண்ணி ஊத்தி ஒட்டியிருக்கியளா?"

கார்த்திக்கின் சிரிப்பு அப்படியே நின்றது. முந்தின நாள் காலையில் அவன் என்னிடம் கேட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. பிள்ளையைப் பெற்றவளுக்கு அவன் எதுவரை போவான் என்று தெரிந்திருக்கிறது. நான் நெஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுதான் அவள் கேட்டது.

போர்வையை விலக்கினேன். வலப்பக்கப் பையிலிருந்து கீழே தொங்கிய குழாயைக் கழற்றி, பையில் இருந்ததை அளவு ஜாடியில் வடித்து, சார்ட்டில் எழுதினேன். பையின் வாயை மூடினேன். அவள் கையை எடுத்து, காலியான பையின் மேல் வைத்தேன்.

"காலியா இருக்கா?"

விரலால் அமுக்கிப் பார்த்தாள். ம் என்றாள்.

"நான் இனிமே தொட மாட்டேன். கையை எடுக்காம வச்சிருங்க."

இரண்டு கையையும் அவள் பார்க்கும்படி கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றேன். சலைன் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரகம் இந்த நேரம் பார்த்துச் சுணங்கினால் என்ன செய்வேன் என்று யோசித்தபடி சலைன் சொட்டுகளை எண்ணினேன். கார்த்திக் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். சட்டிக்கு மேல் கை காட்டுகிறபோதும் அவள் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு உள்ளங்கை முழுவதும் பையின் மேல் மெல்லப் படிந்தது.

"சூடு ஏறுது, சிஸ்டர்" என்றாள்.

நான் அழுதேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நோயாளிக்கு முன்னால் அழுததில்லை, அன்று அழுதேன். அவள் கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பாமலேயே, "இப்ப அவனைச் சிரிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவனால் முடியவில்லை. கட்டில் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான்.